பனியை நம்பும் வண்டி: பழைய ஸ்னோமொபைல் அன்றும் இன்றும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களிலும், எல்லைக்குத் தெற்கே மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலும் வீட்டு வாசல்களில் பழைய ஸ்னோமொபைல்கள் விற்பனைக்கு வந்து நிற்கும். முன்னால் திருப்புவதற்கு இரண்டு ஸ்கீ, பின்னால் பனியைப் பற்றித் தள்ளும் அகலமான ரப்பர் டிராக், நடுவில் எஞ்சின், காலை அகட்டி அமர ஓர் இருக்கை. குல்மார்க்குக்குச் சுற்றுலா போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சியாச்சினில் பணிபுரிந்த நம் ராணுவத்தினருக்கு இது ‘ஸ்னோ ஸ்கூட்டர்’. புதிதாக வாங்கப் போனால் 15,000 டாலரைத் தாண்டும் மாடல்கள் ஏராளம். அதனால் பல குடும்பங்களுக்கு முதல் வண்டி என்பது இன்னொருவர் ஓட்டிக் கழித்த வண்டிதான்.

அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்களன்று தொழிலாளர் தினம். அதற்கு அடுத்த வார இறுதியில் மினசோட்டாவின் நார்த் பிராஞ்ச் ஊரில் ‘ஹே டேஸ்’ திருவிழா நடக்கும். பனி விழ இன்னும் இரண்டு மாதமாவது இருக்கும் அந்த நாளில், புல்தரையிலேயே ஸ்னோமொபைல் பந்தயம் ஓடும். அருகே பழைய வண்டிகளும் உதிரிபாகங்களும் வரிசை வரிசையாக விலை பேசப்படும். 1960களில் தொடங்கிய இந்தச் சந்தையில் அரை நூற்றாண்டாக ஒரு காட்சி மாறவில்லை: வாங்க வந்தவர் ஹூடைத் தூக்கி எஞ்சினைப் பார்க்கிறார். மாறியது, அப்படிப் பார்ப்பதன் பலன். அன்று எஞ்சினைப் பார்த்தால் வண்டியைப் பார்த்துவிட்டதாக அர்த்தம். இன்று ஹூடுக்குக் கீழே தெரிவது பாதிக் கதை. மீதிக் கதை டிராக்குக்கு உள்ளே, கணினிப் பெட்டிக்குள்ளே, அந்த வண்டி கழித்த குளிர்காலங்களுக்குள்ளே இருக்கிறது.

பட்டறையில் பிறந்த வண்டி

இந்த வண்டி விளையாட்டுக்காகப் பிறந்ததில்லை. கியூபெக்கின் வல்கூர் கிராமத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. பனியில் ஓடும் வண்டி செய்ய வேண்டும் என்பது பதினைந்து வயதிலிருந்தே அவருடைய கனவு. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் துடித்தான். பாதைகள் பனியில் மூடிக் கிடந்தன. பட்டறையிலிருந்த சோதனை வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை, அவன் இறந்துபோனான். மூன்று ஆண்டுகளில், பல்சக்கரமும் ரப்பர் டிராக்கும் சேர்ந்த இயங்குமுறைக்குப் பொம்பார்டியே காப்புரிமை பெற்றார். பிறகு வந்த பி7, பி12 வண்டிகள் ஏழு பேர், பன்னிரண்டு பேர் ஏறும் மூடிய வண்டிகள். ஆம்புலன்ஸ், பள்ளி வண்டி, தபால் வண்டி எனக் கிராமத்தின் எல்லா வேலைக்கும் அவை ஓடின.

1940களின் முடிவில் கியூபெக் அரசு குளிர்காலத்திலும் சாலைப் பனியை அகற்ற ஏற்பாடு செய்ததும் அந்தப் பெரிய வண்டிகளின் தேவை குறைந்தது. 1959இல் பொம்பார்டியே ஒருவர் இருவர் ஏறும் சிறு வண்டியைக் கொண்டுவந்தார். அதுதான் ஸ்கி-டூ. 7 குதிரைத்திறன் கொண்ட, ஒற்றை சிலிண்டர் கோலர் எஞ்சின்; முதல் பருவத்தில் விற்றவை சுமார் 225. அதற்கு முன்பே, 1950களின் நடுவில், மினசோட்டாவின் ரோசோ ஊரில் விவசாயக் கருவிகள் செய்துவந்த ஹெட்டீன் சகோதரர்களும் டேவிட் ஜான்சனும் தங்கள் பட்டறையிலேயே ஒரு பனிவண்டியைச் செய்திருந்தார்கள். முதல் வண்டியை உள்ளூர் மர வியாபாரிக்கு 465 டாலருக்கு விற்றார்கள். அந்தப் பட்டறைதான் பின்னாளில் போலாரிஸ் ஆனது. அங்கிருந்து விலகிய எட்கர் ஹெட்டீன் தொடங்கிய இன்னொரு நிறுவனம் ஆர்க்டிக் கேட் ஆனது.

அடுத்த பத்து ஆண்டுகளில் நடந்தது ஒரு வெள்ளம். 1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஸ்னோமொபைல் செய்தன. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 5 லட்சம் வண்டிகள் விற்றன. பிறகு எரிபொருள் நெருக்கடியும் பனி குறைந்த சில குளிர்காலங்களும் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் இழுத்து மூடப்பட்டன. 1981இல் ஆர்க்டிக் கேட்டே திவாலாகி, சில ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் எழுந்தது. பழைய வண்டிச் சந்தை என்ற ஒன்று உருவானது இந்த வெள்ளம் வடிந்த பிறகுதான். செய்தவர் இல்லாமல் போன வண்டிகள் லட்சக்கணக்கில் கொட்டகைகளில் நின்றன. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன.

அன்று: கண், காது, மூக்கு

அந்தக் காலத்தில் வாங்க வந்தவர் முதலில் எஞ்சினை எழுப்பும் கயிற்றை இழுப்பார். எத்தனையாவது இழுப்பில் எஞ்சின் பிடிக்கிறது என்பதே முதல் மதிப்பெண். இழுக்கும்போது கையில் தெரியும் எதிர்ப்பிலேயே கம்ப்ரஷன் எப்படி என்று சொல்லிவிடும் அனுபவசாலிகள் இருந்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறி ஓடியிருக்கிறது. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் மிகுதி.

அன்றைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெயைப் பெட்ரோலில் கையால் கலந்து ஊற்ற வேண்டும். முந்தைய சொந்தக்காரர் அளவு பார்த்துக் கலந்தாரா, கண்மதிப்பில் ஊற்றினாரா என்பதில் எஞ்சினின் ஆயுள் இருந்தது. புகையின் மணத்திலேயே இதை ஊகித்தவர்கள் உண்டு. பற்றவைக்கும் பாயிண்ட்டுகள் தேய்ந்தால் உப்புத்தாள் போட்டுச் சரிசெய்தார்கள். கார்புரேட்டரை மேசையில் பிரித்துப் போட்டு ஊதினார்கள். பழுதுகள் நிறைய, ஆனால் ஒளிந்திருக்கும் பழுது குறைவு. ஸ்பேனரும் திருப்புளியும் பொறுமையும் இருந்தால் கொட்டகையிலேயே வண்டியை எழுப்பிவிடலாம்.

அன்றைய கேள்விகளில் எஞ்சினுக்கு அடுத்து வந்தது உதிரிபாகம். கம்பெனியே மூடிவிட்டது என்றால் பாகத்துக்கு எங்கே போவது? நல்லவேளையாக அந்தக் காலத்துச் சிறு கம்பெனிகள் பல, எஞ்சினைச் சொந்தமாகச் செய்யவில்லை. ஜெர்மனியின் சாக்ஸ், ஹிர்த், ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் போன்ற எஞ்சின்களை வாங்கிப் பொருத்தினார்கள். ஒரு கம்பெனி மறைந்தாலும் அதே எஞ்சின் இன்னொரு கம்பெனியின் வண்டியில் உயிரோடு இருந்தது. அதனால் இறந்துபோன வண்டி ஒன்றைச் சேர்த்து வாங்கி, உறுப்புகளுக்காகக் கொட்டகையில் போட்டு வைப்பது வழக்கமானது.

வண்டிக்குப் பனி தேவைப்பட்டது

இந்த ஐம்பது ஆண்டுகளில் வண்டி எவ்வளவோ மாறிவிட்டது. கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசி வந்தது. யமஹா 2003 மாடலாகக் கொண்டுவந்த ஆர்எக்ஸ்-1, ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினை வேகவண்டிக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஸ்கி-டூவின் ரெவ், ஓட்டுபவரை முன்னுக்குத் தள்ளி உட்காரவைத்து வண்டியின் உருவத்தையே மாற்றியது. 7 குதிரைத்திறனில் தொடங்கிய வண்டி இன்று 850 சிசி டூ-ஸ்ட்ரோக்கில் 160ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பழைய வண்டி வாங்குபவருக்கு முக்கியமான மாற்றம் விளம்பரங்களில் வராத இரண்டு இடங்களில் நடந்தது: டிராக்கைத் தாங்கும் அமைப்பிலும் எஞ்சினைக் குளிர்விக்கும் முறையிலும்.

ஆரம்பகால வண்டிகளில் டிராக் சிறு சிறு சக்கரங்களின்மேல் உருண்டது. சவாரி குலுக்கும், ஆனால் சக்கரத்துக்குப் பனி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 1960களின் இறுதியில் வந்து 1970களில் பரவிய சறுக்குத் தண்டவாள முறையில் டிராக், இரண்டு நீண்ட தண்டவாளங்களின்மேல் வழுக்கி ஓடுகிறது. தண்டவாளத்தின் அடியில் ஹைஃபாக்ஸ் எனப்படும் பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அந்தப் பட்டைக்கு மசகும் பனிதான், குளிர்ச்சியும் பனிதான். டிராக் வாரி எறியும் பனி அதன்மேல் படாவிட்டால் பட்டை சூடேறி உருகத் தொடங்கும்.

எஞ்சினும் அப்படியே. அன்றைய எஞ்சின்களைக் காற்றே குளிர்வித்தது. பின்னர் திரவக் குளிர்ச்சி வந்தபோது, குளிர்விக்கும் திரவம் டிராக்குக்கு மேலே உள்ள அலுமினியக் கூரையான டன்னலின் அடியில் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்களுக்குப் போனது. அங்கே டிராக் அள்ளி வீசும் பனி பட்டுச் சூடு இறங்கும். சில மாடல்களில் ரேடியேட்டரும் உண்டு. என்றாலும் பெரும்பாலான வேகவண்டிகள் பனித்தூளை நம்பியே எஞ்சினைக் காக்கின்றன.

ஆக, வண்டி முன்னேற முன்னேறப் பனியின்மேல் அதற்கிருந்த சார்பு கூடியது. பனியோ அதே காலத்தில் நம்பகத்தன்மை இழந்துவந்தது. 2023–24 குளிர்காலம் மினசோட்டாவின் பதிவுகளிலேயே மிகவும் வெதுவெதுப்பானது. போலாரிஸ் பிறந்த அந்த மாநிலத்திலேயே பல தடங்கள் பருவம் முழுதும் திறக்கப்படவில்லை. அலாஸ்காவின் புகழ்பெற்ற ‘அயர்ன் டாக்’ நெடும்பந்தயம் 2003இலேயே பனியின்றி ரத்தானது. இப்படிப்பட்ட குளிர்காலங்களில் ஆசை அடங்காமல் மெல்லிய பனியிலும் உறைந்த ஏரிப் பனிக்கட்டியிலும் ஓட்டப்பட்ட வண்டிகள்தான் இன்று சந்தைக்கு வருகின்றன. அன்று ‘எஞ்சின் ஓடுமா?’ என்று கேட்டார்கள். இன்று ‘எந்தப் பனியில் ஓடியது?’ என்று கேட்காதவர் ஏமாறுவார்.

இன்று: மண்டியிட்டுப் பாருங்கள்

நம் ஊர் மாட்டுச் சந்தையில் கைதேர்ந்தவர், மாட்டின் மினுமினுப்பில் மயங்காமல் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ஸ்னோமொபைலுக்குப் பல் இருக்கும் இடம் அடிப்பகுதி. ஹூடைத் திறப்பதற்கு முன் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி, கைவிளக்கோடு மண்டியிடுங்கள்.

முதலில் ஹைஃபாக்ஸ். அதில் தேய்மான எல்லையைக் காட்டும் கோடு இருக்கும். கோடு தெரிகிறதா, மறைந்துவிட்டதா? பட்டை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது இயல்பான வயது. ஓரிடத்தில் மட்டும் உருகி வழிந்து, டிராக்கின் உள்பக்க உலோகக் கிளிப்புகளில் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால், அந்த வண்டி பனியில்லாத தரையில் விரட்டப்பட்டிருக்கிறது. பட்டை மாற்றப் பெரிய செலவில்லை. ஆனால் அது உருகிய நேரத்தில் மேலே எஞ்சினும் கொதித்திருக்கலாம். சின்னப் பழுது பெரிய பழுதைக் காட்டிக்கொடுக்கும் இடம் இது. புதுப் பட்டை மாட்டியிருந்தால் பழையது எங்கே என்று கேளுங்கள்.

அடுத்து டிராக். கையால் மெல்லச் சுழற்றி ஒரு முழுச் சுற்றும் பாருங்கள். வெளிப்பக்க ரப்பர்ப் பற்கள் கிழிந்திருக்கின்றனவா, குறுக்குக் கம்பிகள் உடைந்து டிராக் அங்கங்கே தொய்கிறதா, ஓரங்களில் நூல் பிரிந்திருக்கிறதா? பற்களின் உயரம் சவாரியின் இனத்தைச் சொல்லும். தடத்தில் ஓடும் வண்டிக்கு ஓரங்குலத்தை ஒட்டிய பல் போதும். மலைப்பனிக்கான நீண்ட டிராக்கில் மூன்று அங்குலம் வரை இருக்கும். மலைவண்டியின் உயரமான பற்கள் கெட்டித் தடத்தில் ஓடினால் சூடேறிப் பிய்ந்துபோகும். மலை வண்டி சமவெளியில் விற்பனைக்கு வந்தால் இதைக் கூர்ந்து பாருங்கள்.

பனிக்கட்டியில் பிடிமானத்துக்காக டிராக்கில் ஆணி பொருத்தியிருந்தால், டன்னலின் உட்புறத்தை விளக்கடித்துப் பாருங்கள். காப்புத் தகடு இல்லாமல் ஆணி அடித்த வண்டிகளில், டிராக் தளர்ந்த நாளில் ஆணி முனைகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கீறிவிடும். திரவம் கசிந்த கறை, பற்றவைத்த தடம், குளிர்விப்பான் தொட்டியில் குறைந்த மட்டம்: மூன்றில் ஒன்று இருந்தாலும் காரணம் கேளுங்கள். தண்டவாளத்தின் பக்கத்தில் ஸ்கிராச்சர் என்ற கம்பிச் சுருள் மாட்டியிருந்தால் அது நல்ல அறிகுறி. கெட்டிப் பனியைச் சுரண்டித் தூளாக்கி மேலே எறிவதற்கான சின்னக் கருவி அது. பனியின் அருமை தெரிந்த கை அந்த வண்டியை வைத்திருந்திருக்கிறது.

சிறு சக்கரங்கள் ஒவ்வொன்றையும் விரலால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போயிற்று. ஓடும்போது ஒரு பேரிங் இறுகினால் சக்கரமே உருகும்.

பிறகு முன்பக்கம். ஸ்கீயைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் அதிகம் என்றால் புஷ், பந்து மூட்டு ஏதோ தேய்ந்திருக்கிறது. ஸ்கீயின் அடியிலுள்ள கார்பைடு முனைகள் மழுங்கியிருந்தால் வண்டி திரும்ப மறுக்கும். அதை மாற்றுவது எளிது. எளிதில்லாதது மோதிய வண்டி. ஸ்கீகளைத் தாங்கும் இரு பக்க ஏ-ஆர்ம்களும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, ஒன்று மட்டும் பளிச்சென்று புதிதா? டன்னலில் சுருக்கம், புதுப் பெயிண்ட், ரிவெட்டுக்குப் பதில் போல்ட் இவையெல்லாம் மரத்திலோ பாறையிலோ மோதியதன் தடயங்கள். புதுப் பிளாஸ்டிக் உறைகளையும் ஸ்டிக்கர்களையும் பார்த்து விலை கொடுக்காதீர்கள். உறை மாற்றுவது எளிது. வளைந்த சட்டத்தை நிமிர்த்துவது முதலுக்கே மோசம்.

எஞ்சினும் அதன் நினைவும்

இப்போது ஹூடைத் திறக்கலாம். திறந்ததும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது முரண்டு பிடிக்கிறது என்று அர்த்தமாகலாம். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் சோதனை இன்றும் முதல் சோதனை. அன்று கயிற்றை இழுத்த கை சொன்னதை இன்று மீட்டர் சொல்கிறது. எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். அதற்கு மேல் போனால் ஒரு பிஸ்டன் காயப்பட்டிருக்கிறது. வெளியேற்றுக் குழாயைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் துவாரம் வழியாக பிஸ்டனின் பக்கவாட்டில் கீறல் இருக்கிறதா என்று நேரிலேயே பார்க்கலாம். பனியில்லாமல் ஓடிக் கொதித்த எஞ்சினின் கதை அங்கே எழுதப்பட்டிருக்கும்.

எஞ்சினிலிருந்து டிராக்குக்குச் சக்தியைக் கொண்டுபோவது கிளட்ச் இரண்டும் நடுவிலுள்ள பெல்ட்டும். பெல்ட்டைக் கழற்றி ஓரங்கள் பளபளத்துக் கருகியிருக்கின்றனவா, விரிசல் உண்டா என்று பாருங்கள். கிளட்ச் தட்டுகளின் சரிவில் விரலை ஓட்டினால் வரிப்பள்ளம் தட்டுப்படக் கூடாது. பெல்ட் மலிவு, கிளட்ச் மலிவில்லை. டிராக்கை ஓட்டும் சங்கிலி இருக்கும் பெட்டியான செயின்கேஸின் எண்ணெயைக் காந்தமுள்ள அளவுகோலால் தொட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இயல்பு. உலோகத் துணுக்கு இருந்தால் விலகுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் எண்ணெயின் நிறம் பால் கலந்ததுபோல் இருக்கக் கூடாது. டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸ் கியரே கிடையாது. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஏறக்குறைய நின்று, எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். அதை இரண்டு மூன்று முறை போட்டுப் பாருங்கள். கைப்பிடிச் சூடாக்கிகளையும் சோதியுங்கள். மைனஸ் 30 டிகிரியில் அவை ஆடம்பரமில்லை.

அன்று இல்லாத ஒரு சாட்சி இன்று இருக்கிறது. இன்றைய எஞ்சின்களின் கணினி, ஓடிய மணிநேரத்தையும் எழுந்த பிழைகளையும் பதிந்துவைக்கிறது. ஸ்கி-டூ விற்பனையாளரிடம் பட்ஸ், போலாரிஸ் விற்பனையாளரிடம் டிஜிட்டல் ரெஞ்ச் என்ற மென்பொருள் உண்டு. கொஞ்சம் கட்டணம் கட்டி வண்டியை அங்கே கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னால், மீட்டர் காட்டும் கிலோமீட்டரோடு கணினி ஒத்துப்போகிறதா, எஞ்சின் அளவுமீறிக் கொதித்த பதிவு உண்டா என்று தெரிந்துகொள்ளலாம். அன்று விற்பவரின் சொல்லையும் முகத்தையும் மட்டுமே நம்ப வேண்டியிருந்த இடத்தில் இன்று இப்படி ஒரு துணை வந்திருக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் ஆயிரக்கணக்கான டாலர் கொடுப்பது நியாயமே இல்லை.

ஓடாத மாதங்கள்

ஸ்னோமொபைல் ஆண்டில் மூன்று நான்கு மாதம் ஓடும். மீதி மாதங்கள் சும்மா நிற்கும். பனி பொய்த்த ஆண்டில் ஆண்டு முழுவதும் நிற்கும். ‘பத்து வருட வண்டி, ஆனால் ரொம்பக் குறைவாகத்தான் ஓடியது’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். என்னைக் கேட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வாக்கியம் அதுதான். குறைவாக ஓடியது நல்லது என்பது பனி நிறைந்த காலத்துக் கணக்கு.

எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டர் துளைகளில் பிசின் படியும். எண்ணெய் பூசாமல் நிறுத்திய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் கிராங்க் பேரிங்குகளில் துரு பிடிக்கும். அடுத்த குளிர்காலத்தில் அவை சில நூறு கிலோமீட்டரிலேயே ஓசை எழுப்பும். எலிகள் காற்றுப் பெட்டிக்குள் கூடு கட்டும்; வயர்களைக் கடிக்கும். ஈரத் தரையில் நின்றால் போல்ட்டுகள் இறுகிப்போகும். சேமித்து வைக்கும் முறை ஒன்று உண்டு: பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் கலப்பது, எஞ்சினுக்குள் காப்பு எண்ணெய் தெளிப்பது, பெல்ட்டைக் கழற்றி வைப்பது, டிராக்கின் இறுக்கத்தைத் தளர்த்தி வண்டியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது, மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் அடிப்பது. ‘கோடையில் இந்த வண்டியை எப்படி வைத்திருந்தீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். செய்தவர் இவற்றை வரிசையாகச் சொல்வார். செய்யாதவர் பேச்சை வேகத்துக்கும் குதிரைத்திறனுக்கும் மாற்றுவார்.

வாங்கும் காலமும் மாறியிருக்கிறது. பருவம் முடியும் மார்ச், ஏப்ரலில் விலை இறங்கும். முதல் பனி விழுந்ததும் ஏறும். இது என்றும் உள்ள கணக்கு. ஆனால் பனியில் ஓட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு முன்பைவிடக் குறுகிவிட்டது. பனியில்லாத நாளில் வாங்குபவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சிறிது நேரம் மட்டுமே டிராக்கைச் சுழற்றிப் பார்க்கலாம். உலர்ந்த பட்டையில் நீண்ட நேரம் சுழற்றினால் வாங்கும் முன்பே கெடுத்துவிடுவோம். முடிந்தால் மார்ச் மாதப் பனியில் ஓட்டிப் பார்த்து, அந்த மாத விலையில் வாங்குங்கள். பனி நிலையற்ற பகுதியில் வசிப்பவர்கள், காற்றால் குளிரும் எளிய எஞ்சின் கொண்ட பழைய வண்டிகளையும் மதித்துப் பார்க்கலாம். யமஹாவின் பிராவோ, விகே 540 போன்றவற்றை வடக்கு மக்கள் இத்தனை காலம் விரும்பியதற்கு இந்த எளிமை ஒரு காரணம்.

வழியில் நின்றால்

வடக்கு மக்கள் என்றேன். அவர்களை மறந்து இந்த வண்டியைப் பற்றிப் பேசக் கூடாது. கனடாவின் வடகோடியில் இனுயிட் வேட்டைக்காரர்களும், பின்லாந்தின் வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களும் 1960களில் நாய், கலைமான் வண்டிகளை விட்டு ஸ்னோமொபைலுக்கு மாறினார்கள். ஒரு நாள் பயணம் சில மணிநேரமாகச் சுருங்கியது. ஆனால் நாய்க்கு வேட்டையாடிய இறைச்சியே உணவு. வண்டிக்கோ பெட்ரோலும் உதிரிபாகமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பின்லாந்தின் ஸ்கோல்ட் சாமி மக்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் பெர்ட்டி பெல்டோ, 1973இல் வெளியான தன் நூலில், வண்டிச் செலவைத் தாங்க முடியாத குடும்பங்கள் மேய்ச்சலையே கைவிட்டதைப் பதிவு செய்தார். அவர்களுக்குப் பழைய வண்டியின் தரம் பொழுதுபோக்குச் சங்கதியில்லை, பிழைப்பு.

வார இறுதியில் சவாரி போகிறவருக்கும் இது பொருந்தும். ஒன்ராறியோவில் மட்டும் 30,000 கிலோமீட்டர் அளவுக்குத் தடங்கள் உண்டு; அவற்றில் பல, கைபேசி அலையே எட்டாத காட்டுக்குள் போகின்றன. அங்கே பெல்ட் அறுந்தால், மாற்றுப் பெல்ட்டும் அதை மாட்டத் தெரிந்த கையும் இல்லாதவர் இரவைக் குளிரில் கழிக்க வேண்டிவரும். வாங்கும் அன்றே பெல்ட் மாற்றும் முறையை விற்பவரிடமே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

காகிதமும் உதிரிபாகமும்

டன்னலில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பொறித்த இடம் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். கடனில் வாங்கிய வண்டியா என்பதையும் பாருங்கள். கியூபெக்கில் ஆர்டிபிஆர்எம் என்ற அரசுப் பதிவேட்டில் தேடலாம், மற்ற மாகாணங்களிலும் இதற்கான பதிவேடுகள் உண்டு. கடன் தீராத வண்டியை வாங்கினால், கடன் கொடுத்தவர் வண்டியைக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரலாம். அதே எண்ணைக் கொண்டு, உற்பத்தியாளர் பாதுகாப்புக் குறைக்காக இலவசமாகச் சரிசெய்ய அறிவித்த பழுது ஏதும் செய்யப்படாமல் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

1970களின் பழைய கேள்வி ஒன்று இப்போது திரும்பி வந்திருக்கிறது: நாளை பாகம் கிடைக்குமா? 1968 முதல் ஸ்னோமொபைல் செய்துவந்த யமஹா, வட அமெரிக்காவில் 2025 மாடலோடு நிறுத்திக்கொள்வதாக 2023இல் அறிவித்தது. ஆர்க்டிக் கேட் உற்பத்தியை நிறுத்திவைப்பதாக அதன் உரிமையாளரான டெக்ஸ்ட்ரான் 2024 இறுதியில் சொன்னது. 2025இல் நிறுவனம் கைமாறியது. நூறு கம்பெனிகள் நான்காகி, அந்த நான்கும் நிலைக்காத நிலை. அன்று வெளியிலிருந்து வாங்கிய எஞ்சின்கள் பல வண்டிகளுக்குப் பொதுவாக இருந்தன. இன்று எஞ்சினும் மின்னணுப் பெட்டியும் மாடலுக்கு மாடல் தனி. ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கிடைக்காமல் போனால் நல்ல வண்டியும் ஓடாது. அதனால் நிறைய விற்ற மாடலைத் தேர்ந்தெடுங்கள். அருகில் அதைப் பழுதுபார்க்கும் கடை உண்டா என்று விலை பேசுமுன்பே விசாரியுங்கள்.

இவ்வளவும் வாங்குபவரின் பொறுப்பு. விற்பவருக்கும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பனி எப்படியிருந்தது, எந்தப் பெல்ட், எந்தப் பட்டை எப்போது மாற்றப்பட்டது, கோடையில் எப்படி நிறுத்தப்பட்டது என்று ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். பருவத்துக்கு அரைப்பக்கம் எழுதினால் போதும். வண்டியை விற்கும்போது சாவியோடு அந்தக் குறிப்பேட்டையும் கொடுங்கள். கணினி மணிநேரத்தைச் சொல்லும். பனியில்லாத ஜனவரியில் வண்டியை நிறுத்திவைத்த நல்ல மனத்தைச் சொல்லாது. குறிப்பேடு உள்ள வண்டிக்கு வாங்குபவர் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதும் நியாயம். அந்த வழக்கம் பரவினால் நல்ல பராமரிப்புக்குச் சந்தையில் ஒரு விலை கிடைக்கும். பனி குறைந்த ஆண்டில் வண்டியைக் கொட்டகையிலேயே விட்டுவைக்க இன்னும் பலர் முன்வருவார்கள்.